மங்களத்துக்கு முன்னால் கிளம்பியவர்

அந்த மாமாவை எந்தக் கச்சேரியின் முடிவிலும் யாரும் பார்த்தது கிடையாது. தொடக்கத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். வாசலை ஒட்டிய கடைசி வரிசை ஓர நாற்காலியில் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டுத்தான் கால் கழுவவே போவார். வர்ணம் ஆரம்பித்ததும் அவர் தொடையில் தாளம் ஆரம்பிக்கும். தனி ஆவர்த்தனம் வந்ததும் கேண்டீனுக்குப் போய்விடுவார். உள்ளே மிருதங்கக்காரர் மூச்சைப் பிடித்து வாசித்துக்கொண்டிருக்க, வெளியே இவர் கீரை வடையில் எண்ணெய் அதிகம் என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருப்பார். திரும்பி வந்து துக்கடா என்று கடைசியில் பாடுகிற சின்னப் பாட்டு இரண்டு கேட்பார். அப்புறம் கையைத் திருப்பி, சாவி கொடுக்கிற அந்தப் பழைய கடிகாரத்தைப் பார்ப்பார். அதோடு சரி, அன்றைய சங்கீதம் முடிந்தது.

"மங்களம் என்னடா மங்களம்! எல்லாக் கச்சேரியிலயும் ஒரே மங்களம்தானே? அதுக்குன்னு உக்காந்துண்டிருந்தா ஆட்டோ கிடைக்குமா?" என்பார்.

சபா வாசலில் நிற்கிற ஆட்டோக்காரர்களுக்கு மாமாதான் கடிகாரம். அவர்களில் தலை நரைத்த ஒருவர், மாமா படியிறங்குவதைப் பார்த்ததும் மற்றவர்களை எழுப்புவார். "டேய், சாமி வந்துட்டாரு. உள்ளாற இன்னும் பத்து நிமிசம் கீது. வண்டியத் திருப்பிப் போடு."

இத்தனைக்கும் மறுநாள் காலை பூங்காவில் அந்தக் கச்சேரியை முழுசாக விமரிசனம் செய்வார். ராகம் சுமார், தனி பரவாயில்லை, முடிவில் மட்டும் பாடகருக்குக் கொஞ்சம் அவசரம் என்பார். அவசரத்தைப் பற்றி இவர் சொல்கிறாரே என்று நாங்கள் யாரும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருப்போம்.

நான் மயிலாப்பூரில் அவர் குடியிருந்த அபார்ட்மெண்டில் மேல் மாடிக்காரன். பத்து வருஷத்துக்கு மேல் அவரைப் பார்த்திருக்கிறேன். அறுபத்து மூவர் உற்சவத்தன்று மாட வீதியே நகர முடியாமல் நிற்கும்போது, அவர் மட்டும் சாமி பார்த்து முடித்து வீட்டுக்கு வந்து மோர் குடித்துக்கொண்டிருப்பார். சாமி அப்போதுதான் கிளம்பியிருக்கும். தியேட்டரில் கடைசிச் சண்டை வரும்போது வண்டி நிறுத்துமிடத்தில் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருப்பார். வில்லன் சாவதை அவர் ஒரு படத்திலும் பார்த்ததில்லை, செத்திருப்பான் என்ற நம்பிக்கையில் வாழ்ந்தார்.

இதில் உச்சம் அவருடைய பணி ஓய்வு விழா. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்தவருக்கு மாலை, சால்வை எல்லாம் போட்டார்கள். மேலதிகாரி எழுந்து, "இவருடைய கடமை உணர்ச்சி இருக்கிறதே..." என்று பேச ஆரம்பித்து, திரும்பிப் பார்த்தால் நாற்காலியில் மாலை மட்டும் இருந்ததாம். ஐந்து இருபது பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். இதை எனக்குச் சொன்னது மாமிதான். "ஆபீஸ் என்ன பெருசு? எங்க கல்யாணத்துல முதல் முடிச்சைப் போட்டுட்டு மணியைப் பாத்தார்" என்று சேர்த்துச் சொன்னார்.

இவர்களுக்கு ஒரே பெண், சுபா. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் சுபாவின் வகுப்பு ஆடுவது எப்போதும் கடைசியில்தான். அது யாருடைய சதி என்று தெரியவில்லை. அவள் பாவாடையை மடித்துக் கட்டிக்கொண்டு மேடையேறும்போது அந்த ஓர நாற்காலி காலியாக இருக்கும். வீட்டுக்கு வந்தால், "பிரமாதமா ஆடினே" என்று அப்பா சொல்வார். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் அவள் அதை நம்பினாள்.

பிளஸ் டூ முடித்ததும் டாக்டராக வேண்டும் என்று அப்பா ஆசைப்பட்டார். கிடைத்தது பிசியோதெரபி. "டாக்டர் மாதிரிதான்" என்று உறவினர்களிடம் சொன்னார். உறவினர்கள் இல்லாதபோது "கால் பிடிச்சு விடற படிப்பு" என்றார். அவள் நாலரை வருஷம் படித்தாள், இங்கிலாந்துக்குப் போய் மேலே படித்தாள், அங்கேயே வடக்கே ஒரு சின்ன ஊரில், உள்ளூர் கால்பந்து அணிக்கு பிசியோவாகச் சேர்ந்தாள். டி.வி.யில் வருகிற பெரிய அணி இல்லை. அதற்கு மூன்று படி கீழே. ஆனாலும் தொழில்முறை அணி. சனிக்கிழமை மதியமானால் ஊரே அணியின் நிறத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு அங்கேதான் இருக்கும்.

அதே ஊரில் அப்போது எனக்கு இரண்டு வருஷம் வேலை. மாமாவும் மாமியும் பெண்ணோடு ஆறு மாதம் இருக்க வந்தார்கள். வந்த இரண்டாவது வாரம் சுபா எனக்கு போன் செய்தாள்.

"அண்ணா, சனிக்கிழமை மேட்ச். அம்மாவுக்கு முட்டி வலி, இந்தக் குளிர்ல வர முடியாது. அப்பாவை நீங்க கூட்டிண்டு வாங்கோ. நான் என்ன வேலை பண்றேன்னு ஒரு தடவை அவர் பாக்கணும். முழுசா இருக்கணும் அண்ணா. கடைசி வரைக்கும். நீங்கதான் பொறுப்பு."

"நான் பாத்துக்கறேன்" என்று வாக்குக் கொடுத்தேன். மாமாவை எனக்குத் தெரியாதது மாதிரி.

மாமா மேட்சுக்கு வந்த கோலத்தைச் சொல்ல வேண்டும். குரங்குக் குல்லாய், இரண்டு ஸ்வெட்டர், மேலே மருமகனாக வரப்போகிறவனுக்கென்று வாங்கி வைத்திருந்த கோட்டு. கையில் எவர்சில்வர் டப்பா. அதில் மிளகாய்ப்பொடி தடவிய எட்டு இட்லி. வாசலில் சோதனை போடுகிறவன் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தான். மூன்று தும்மல் போட்டான். மூடி, இரண்டு கையாலும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான். "இந்த ஊர்க்காரா பெரியவாளை மதிக்கறா" என்றார் மாமா.

சுபா எங்களுக்கு எடுத்து வைத்திருந்தது நல்ல இடம். அணியின் ஆட்கள் உட்காரும் பெஞ்சுக்கு நேர் பின்னால், மூன்றாவது வரிசை. மாமாவுக்கு அது பிடிக்கவே இல்லை. "வாசல் எங்கடா இருக்கு?" என்பதுதான் மைதானத்தைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி. சுபா பெரிய கோட்டு போட்டுக்கொண்டு, காலடியில் ஒரு பையோடு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்த்துக் கையசைத்தாள். மாமா பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி ஒரு கையைத் தூக்கினார்.

ஆட்டம் தொடங்கியது. கூட்டம் பாட்டுப் பாடிக் கைதட்டியது. மாமாவின் தொடையும் சேர்ந்துகொண்டது. "ஆதி தாளம்னு பாத்தா, நடுவுல ஒரு தட்டை முழுங்கிடறாளே" என்று அலுத்துக்கொண்டார். கால் மணி நேரம் போனதும் என் பக்கம் சாய்ந்தார்.

"ஏண்டா, இவ எப்போ விளையாடுவா?"

"அவ விளையாட மாட்டா மாமா. யாருக்காவது அடிபட்டா உள்ளே ஓடுவா."

"அடிபடலைன்னா?"

"உக்காந்திருப்பா."

"இதுக்கா நாலரை வருஷம் படிச்சா?"

இடைவேளை வந்தது. மாமா அதைத் தனி ஆவர்த்தனமாக எடுத்துக்கொண்டார். கேண்டீனைச் சுற்றிப் பார்த்து, அங்கே விற்ற கறி அடைத்த பண்டத்தைக் கண்டு மூக்கைப் பொத்திக்கொண்டு, நின்றபடியே நாலு இட்லி சாப்பிட்டார். பிறகு பழைய இடத்துக்கு வர மாட்டேன் என்றுவிட்டார். வெளிவாசலை ஒட்டி மேல் வரிசையில் காலியிடம் இருந்தது. அங்கே போய் உட்கார்ந்ததும் அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே, மயிலாப்பூருக்கே வந்துவிட்ட மாதிரி.

ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருந்தது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது நடந்தது. மாமா கையைத் திருப்பினார்.

"கிளம்புடா."

"மாமா, இன்னும் பத்தே நிமிஷம். சுபாகிட்ட சொல்லியிருக்கேன்."

"இவ்வளவு நாழியா போடாத கோலை இனிமேதான் போடப் போறாளா? இந்தக் கூட்டம் மொத்தமும் அந்த ஒரே பஸ் ஸ்டாப்புக்கு வரும். குளிர்ல என்னை நிக்க வைக்கறியா?"

சொல்லிக்கொண்டே எழுந்து நடந்துவிட்டார். ஊர் தெரியாத பெரியவரைத் தனியாக விட முடியுமா என்று நானும் பின்னால் போனேன். இப்படித்தான் பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் கால் விரல் விறைத்துப் போயிருந்தது. அவர் கூப்பிட்டது எனக்கும் வசதியாக இருந்தது.

பஸ் ஸ்டாப்பில் ஒரு ஈ காக்கை இல்லை. மாமா வரிசையில் முதல் ஆளாக நின்றுகொண்டு என்னை வெற்றியோடு பார்த்தார். மைதானத்தின் சத்தம் அங்கேயும் கேட்டது. திடீரென்று அது நின்றது. ஓர் ஓவென்ற கூச்சல் வந்து, சட்டென்று அறுந்து, அப்புறம் எதுவுமே இல்லை. அத்தனை ஜனம் இருக்கிற இடத்திலிருந்து அப்படி ஒரு நிசப்தம் வரும் என்று எனக்குத் தெரியாது.  நாலைந்து நிமிஷம் இருக்கும். பிறகு கைதட்டல். பாட்டு இல்லை, கூச்சல் இல்லை, வெறும் கைதட்டல், நிற்காமல் நெடுநேரம்.

"பாத்தியா, முடிஞ்சுடுத்து. மங்களம் பாடிட்டா" என்றார் மாமா. பஸ் காலியாக வந்தது. ஜன்னலோரம் அவருக்குக் கிடைத்தது.

சாயங்காலம் சுபா எனக்கு போன் செய்தாள். குரல் உடைந்திருந்தது.

"அண்ணா, அந்த ரெண்டு சீட்டும் காலியா இருந்துதே?"

"மாமாவுக்குக் குளிர் தாங்கலை. மேலே தள்ளி உக்காந்தோம்."

"பாத்தாரா?"

என்ன நடந்தது என்றே தெரியாமல், "பார்த்தார்" என்றேன்.

"கடைசி வரைக்கும்?"

"முழுசா பார்த்தார் சுபா."

 மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "ஒண்ணுமே சொல்லலை அண்ணா. காபி குடிச்சுண்டு உக்காந்திருக்கார்."

"அவர் சொல்ற ஆளா?" என்றேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பார்த்தவர்களிடம் எதற்குத் திரும்பச் சொல்ல வேண்டும் என்று அவளும் நடந்ததைச் சொல்லவில்லை. போனை வைத்த பிறகு உள்ளூர்ச் செய்தியைத் தேடிப் படித்தேன். ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது இரண்டு பேர் தலையோடு தலை மோதி, ஒருவன் அசையாமல் கிடந்திருக்கிறான். அணியின் பிசியோ ஓடிப் போய், கழுத்து அசங்காமல் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு, ஸ்ட்ரெச்சர் வரும்வரை மண்டியிட்டே இருந்திருக்கிறாள். அவன் கண்ணைத் திறந்து கையைத் தூக்கியதும் மைதானமே எழுந்து நின்று கைதட்டியிருக்கிறது. இதற்கு இரண்டே வரிதான் ஒதுக்கியிருந்தார்கள், அதிலும் அவள் பேர் இல்லை.

மாமாவிடம் இதை நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அடுத்த நிமிஷமே அவளைக் கூப்பிட்டு, "அப்பிடியாமே, நான்தான் பாக்கலையே" என்று போட்டு உடைத்திருப்பார். என் பொய் வெளியே வந்திருக்கும். அதனால் வாயை மூடிக்கொண்டேன். கோழைத்தனம்தான், வேறு பேர் கிடையாது.

சென்னைக்குத் திரும்பியதும் அந்த ஒரு மேட்சை வைத்தே மாமா வருஷக்கணக்கில் ஓட்டினார். பூங்காவில், சபா வாசலில், ரேஷன் கடை வரிசையில். "ஃபாரின்ல புரொபஷனல் மேட்ச் பாத்திருக்கேன். கடைசி வரைக்கும் ஒரு கோல் இல்லை. ஒருத்தனுக்கு ஒரு சிராய்ப்புக் கூட இல்லை. எம்பொண்ணு பையை வச்சுண்டு ஜம்முனு உக்காந்துண்டிருந்தா. சும்மா உக்காந்திருக்கறதுக்கு ஒரு உத்தியோகம்னா அவளோடதுதான்!" எல்லோரும் சிரிப்பார்கள். என் வேலை முடிந்து ஊருக்கு வந்த பிறகு நானும் ஓரமாக நின்று சிரித்திருக்கிறேன். நரைத்த தலை ஆட்டோக்காரருக்கே அது மனப்பாடம். "சாமி பொண்ணு வெளிநாட்டுல குந்திகினே சம்பாரிக்குதாமே!" என்று என்னிடமே கேட்டார்.

பெண்ணின் காதில் மட்டும் அது விழவில்லை. அவள் அங்கே இருந்தாள், இது இங்கே ஓடிக்கொண்டிருந்தது.

மாமாவுக்கு எழுபது நிறைந்தது. ஆழ்வார்பேட்டையில் ஒரு மண்டபத்தில் சாந்தி ஹோமம். சுபா நாலு நாள் லீவில் வந்தாள். தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, பட்டு உடுத்தி, மாலை போட்டு மாமாவை உட்கார வைத்திருந்தார்கள். அவருடைய விசேஷம் என்பதால் அவரால் கிளம்ப முடியாது. அன்று காலை முழுக்க மணியைப் பார்த்துப் பார்த்துத் தவித்ததை நான் ரசித்துக்கொண்டிருந்தேன்.

பந்தியில் மாமாவுக்கு ஒரு பக்கம் மாமி, மறு பக்கம் சுபா. எதிர் வரிசையில் நான். ரசம் சாதம் நடந்துகொண்டிருந்தது. என் பக்கத்தில் இருந்த தூரத்து உறவுக்காரர் ஒருவர், "சுபா, அங்கே நோக்கு என்னம்மா வேலை?" என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் அப்பா ஆரம்பித்துவிட்டார். ஒரு கோல் இல்லை, ஒரு சிராய்ப்பு இல்லை, பையை வச்சுண்டு ஜம்முனு. பந்தியே சிரித்தது.

சுபாவின் கை இலையில் அப்படியே நின்றது. அவள் அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்குக் கடைசி வரைக்கும் இருந்தியாப்பா?" என்று கேட்டாள். குரலில் ஒன்றுமே இல்லை.

"பின்னே? கடைசி வரைக்கும்!"

"கடைசியில என்ன ஆச்சு?"

"என்ன ஆகும்? எல்லாரும் கை தட்டினா. ஆத்துக்குப் போனா."

"எதுக்குக் கை தட்டினா?"

மாமா என்னைப் பார்த்தார். பந்தியில் சிரிப்பு ஒவ்வோர் இலையாக அடங்கியது. பாயசம் ஊற்ற வந்தவர் வாளியோடு நின்றுவிட்டார். சுபா இலையைத் தன் பக்கமாக மடித்தாள். ஒரு வரிசையே சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நடுவில் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள், அதுவும் பெற்ற அப்பாவின் விசேஷத்தில். அவள் எழுந்தாள்.

"நான் கிளம்பறேம்ப்பா. டிராஃபிக் ஆயிடும்."

"என்னடி இது? பாயசமே இன்னும் வரலை!"

"எல்லாப் பாயசமும் ஒண்ணுதானேப்பா" என்றாள்.

கையைக் கழுவிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். மாமி, "சுபா, சுபா" என்று எச்சில் கையோடு பின்னாலேயே ஓடினார். 

மூன்று மணிக்கு மண்டபம் காலி. நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மாமா மட்டும் மாலையைக் கழற்றாமல் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாசலையே பார்க்கவில்லை. கூட்டிப்போக வந்திருந்த அந்த நரைத்த தலை ஆட்டோக்காரர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளேயே வந்துவிட்டார்.

"இன்னா சாமி, எல்லாரும் பூட்டாங்கோ. நீ மட்டும் குந்திகினு கீற?"

மாமா என்னைப் பக்கத்தில் வரச் சொன்னார்.

"அன்னிக்கு எதுக்குடா கை தட்டினா?"

அந்த இரண்டு வரியையும் சொன்னேன். மோதியது, அவன் அசையாமல் கிடந்தது, இவள் ஓடிப் போய் அவன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தது, ஜனம் எழுந்து நின்றது. அவள் கேட்டபோது நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். மாமா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இடது கை கடிகாரத்தை வலது கையால் பொத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்த பிறகும் என் மேலிருந்து பார்வையை எடுக்கவில்லை, இன்னும் ஏதோ பாக்கி இருக்கிற மாதிரி.

"எப்பிடிடா ஓடினா?" என்று கேட்டார்.

"தெரியாது மாமா" என்றேன். "நானும் உங்களோட பஸ் ஸ்டாப்பிலதானே நின்னுட்டிருந்தேன்."